மதுரை வெயிலில் இத்தாலியப் பேனா

இத்தாலிய மைப்பேனாவைக் கையில் வாங்கியதும் பலரும் முதலில் கையெழுத்துப் போட்டுத்தான் பார்க்கிறார்கள். கையெழுத்து பேனாவின் குறையை மறைத்துவிடும். பழகிய கை ஒரே வீச்சில் ஓடும்போது சுமாரான நிப்கூட வழுக்கிக்கொண்டு எழுதும். அதற்குப் பதில் ‘இஞ்சி’, ‘ஞாயிறு’, ‘பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர்’ என்று நிதானமாக எழுதிப் பாருங்கள். இகரத்தின் சுழியும் ஞகரத்தின் சுழியும் மை அடைக்காமல் திறந்து நிற்க வேண்டும். ப, ம, ய எழுதும்போது வலப்பக்கக் கோடு கீழிருந்து மேலே ஏறுகிறது. அந்த இடத்தில் நிப் காகிதத்தைப் பிறாண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக க், த், ற் மீது வைக்கும் புள்ளி தொட்டவுடன் விழ வேண்டும். தமிழில் ஒரு வரிக்குள் எத்தனை மெய்யெழுத்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை முறையும் நிப் காகிதத்தை விட்டு எழும்பி, காற்றில் ஒரு கணம் நின்று, மறுபடி வந்து தொடுகிறது. தொட்ட இடத்தில் மை இல்லையென்றால், விலை எத்தனை ஆயிரமாக இருந்தாலும் அந்தப் பேனா தமிழ் எழுத உதவாது.

புள்ளி விழாததற்குப் பெரும்பாலும் முனையில்தான் காரணம் இருக்கும். நிப்பின் நுனியில் கடின உலோக உருண்டை ஒன்றைப் பற்றவைத்து, அதை நடுவில் பிளந்துதான் மைக்கு வழி செய்கிறார்கள். பிளவின் உள்விளிம்புகளை அளவுக்கு மீறி மெருகேற்றிவிட்டால் இரண்டு பாதியும் உட்பக்கமாக உருண்டுவிடும். மை பிளவுக்குள்ளேயே நின்றுவிடும், காகிதத்தை எட்டாது. லேசாக அழுத்தினால் எழுதும். வழவழப்பான காகிதத்தில் அதிகம் தடுமாறும். ஒருமுறை தொடங்கிவிட்டால் நிற்காமல் ஓடும். இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் சந்தேகமே வேண்டாம், உள்விளிம்பு உருண்டிருக்கிறது. பேனாக்காரர்கள் இதை ‘பேபிஸ் பாட்டம்’ என்பார்கள். வழுவழுவென்று எழுத வேண்டும் என்று முனையை அதிகம் தேய்த்த எந்தப் பேனாவிலும் வரும்.

இதைக் கண்ணால் பார்க்க 10 மடங்கு லென்ஸ் போதும். தெற்கு ஆவணி மூல வீதியில் நகைத் தொழில் செய்கிறவர்கள் கல் பார்க்க வைத்திருப்பது அதுதான். நிப்பின் நுனி உங்களைப் பார்க்கும்படி நேராகப் பிடித்து, பின்னால் வெள்ளைக் காகிதம் வையுங்கள். இரண்டு பாதியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பிளவு, நிப்பின் நடுவிலுள்ள காற்றுத் துளையிலிருந்து நுனிக்கு வர வரக் குறுகி, நுனியில் இரண்டும் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். ஒரு பாதி ஏறியிருந்தால் ஒரு பக்கமாக இழுக்கும்போது மட்டும் கீறும். ஏறிய பாதியை விரல் நகத்தால் மெல்லக் கீழே தள்ளி, ஐந்து நொடி பிடித்து, விட்டுவிட்டு மறுபடி லென்ஸில் பார்க்க வேண்டும். தங்க நிப் இதற்கு எளிதில் இணங்கும். ஸ்டீல் திரும்பத் திரும்பப் பழைய நிலைக்கே போகும், பொறுமை வேண்டும்.

உருண்ட உள்விளிம்புக்கு மருந்து 12,000 எண் மைக்ரோமெஷ் என்ற மிக நுண்ணிய மெருகுத் தாள். அதன் மேல் நிப்பை எழுதும் கோணத்திலேயே வைத்து, பேனாவின் சொந்த எடையைத் தவிர வேறு அழுத்தம் இல்லாமல், எட்டு வடிவத்தில் ஐந்தாறு சுற்று. பிறகு எழுதிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஐந்தாறு. முனை உலோகம் போனால் போனதுதான், திரும்ப வராது. புதுப் பேனாவாக இருந்தால் தாளையே எடுக்காதீர்கள். விற்றவருக்குத் திருப்பி அனுப்புவதுதான் சரி. நிப்பில் தாள் பட்ட தடம் தெரிந்தால் உத்தரவாதம் போய்விடும். நகைப் பட்டறையில் கொடுத்து மெருகுச் சக்கரத்தில் காட்டுவதும் கூடாது. அங்கே வேலை செய்கிறவர்களின் கைத்திறன் பெரிது, ஆனால் சக்கரம் நிப்பின் மேலுள்ள ரோடியம் பூச்சை நொடியில் தின்றுவிடும், முனையின் வடிவமும் கெடும்.

நிப்பின் அளவைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: தமிழுக்கு மெல்லிய கோடு போடும் ஃபைன், அதற்கு மேல் வேண்டாம். சராசரிக் கையெழுத்தில் எழுத்தின் உடல் மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரம் இருக்கும். இகரச் சுழியின் உள்வெளி ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். இத்தாலிய மீடியம் நிப் தாராளமாக மை விடுவது. அதில் எழுதினால் சுழிகள் கருப்புப் பொட்டாகிவிடும். ஜப்பானியப் பேனாவில் மீடியம் எழுதிப் பழகியவர் இத்தாலியில் ஃபைன் வாங்கினாலே கோட்டின் தடிமன் ஏறக்குறைய ஒத்துவரும். சிறிய கையெழுத்துக்காரர்கள் எக்ஸ்ட்ரா ஃபைனுக்குப் போகலாம். முனை தட்டையாக அகன்ற ஸ்டப் நிப்பில் கையெழுத்து, முகவரி, தலைப்பு எழுத அழகாக இருக்கும். ஆனால் தமிழில் நிப்பை இடப்பக்கமாகவும் மேலாகவும் தள்ளும் கோடுகள் அதிகம், ஸ்டப்பின் கூர்மையான மூலை அங்கேதான் குத்தும். ஸ்டப் வேண்டுமென்றால் 1.1 மில்லிமீட்டரை ஒட்டி, மூலைகள் உருட்டப்பட்டதாக வாங்கி, எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள்.

இத்தாலியப் பேனாக்களை ஒரு கூட்டமாகச் சேர்த்துப் பேசுவது வழக்கமென்றாலும் ஊருக்கு ஊர் குணம் வேறு. டூரினில் 1919-இல் தொடங்கிய அரோரா நிப்பைத் தன் ஆலையிலேயே செய்கிறது. தங்க நிப் செய்ய வெளியாரை நம்பியிருக்கும் நிறுவனங்கள் பல இருக்கும் தொழிலில் இது பெரிய விஷயம். அரோரா நிப் வழுக்காது. காகிதத்தின் இழை விரலுக்குத் தெரியும், கீறலாக இருக்காது. தமிழ்ச் சுழிகளை மெதுவாக, கட்டுப்பாட்டோடு போட இதைவிட ஏற்ற நிப்பை நான் அறியேன். 1947-இல் வந்த அரோரா 88 மார்செல்லோ நிட்சோலி வடிவமைத்தது. ஒலிவெட்டியின் லெத்தெரா 22 தட்டச்சு இயந்திரமும் அவர் கைவேலைதான். 1970-இல் மார்க்கோ ட்ஸானுஸோ வடிவமைத்த மெல்லிய உலோகப் பேனாவான ஹஸ்தில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஹஸ்தில் அழகு, ஆனால் வியர்த்த கையில் மெல்லிய உலோகக் கழுத்து வழுக்கும். மதுரையில் தினமும் எழுத 88-ஐயோ, அரோராவின் இன்னொரு மாதிரியான ஆப்டிமாவையோதான் சொல்வேன்.

பஸ்ஸானோ டெல் க்ராப்பாவில் ப்ரென்டா ஆற்றங்கரையில் 1912-இல் தொடங்கியது மோன்டெக்ராப்பா. வெள்ளி வேலைப்பாடும் செல்லுலாய்டும் அதன் பெயரைச் சொல்லும். பொலோன்யாவில் அர்மான்டோ சிமோனி 1925-இல் தொடங்கிய ஓமாஸ், பன்னிரண்டு பட்டை வைத்த பாரகன் பேனாவுக்காகவும், சட்டைத் துணியைக் கிழிக்காமல் உருண்டு இறங்கும் சிறு சக்கரம் பொருத்திய கிளிப்புக்காகவும் கொண்டாடப்பட்டது. 2016-இல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் சேர்ந்து அதே ஊரில் தொடங்கியதுதான் ஸ்க்ரிபோ. ஓமாஸின் எழுத்துச் சுகத்தை உதிரி பாகக் கவலை இல்லாமல் விரும்புகிறவர் அங்கே போகலாம். ஃப்ளாரன்ஸில் 1988-இல் பிறந்த விஸ்கோன்ட்டி புதுப் பொருள்களையும் புது மை நிரப்பும் முறைகளையும் துணிந்து செய்து பார்க்கும் நிறுவனம். அதன் கிளிப் அந்த ஊர்ப் பழைய பாலத்தின் வளைவைக் கொண்டது. நேப்பிள்ஸ் பக்கத்து டெல்டா பேனா நிறுவனத்தின் பரம்பரையில் 2018-இல் வந்த லியோனார்டோ, ஸ்டீல் நிப் பேனாவையும் தங்க நிப் பேனாவுக்குரிய அக்கறையோடு கடைந்து தருகிறது.

தொடங்குகிறவருக்கு லியோனார்டோவின் மொமென்டோ ட்ஸெரோ போதும். மை இழுக்கும் கழற்றக்கூடிய சிறு குழாயான கன்வெர்ட்டர் வைத்தது, ஆனால் கன்வெர்ட்டர் மரையில் திருகி உட்காருவதால் கழன்று மை கொட்டாது. உடலின் பின்முனைத் தொப்பியைக் கழற்றினால் கன்வெர்ட்டரின் குமிழ் கையில் கிடைக்கும். முழுப் பேனாவையும் பிரிக்காமல் பிஸ்டன் பேனாவில் செய்வதுபோல மை இழுக்கலாம். கழுவுவது எளிது. ஒரு நிப் எப்படி நடந்துகொள்கிறது, எந்த மை எவ்வளவு ஓடுகிறது என்று கற்றுக்கொள்ள இப்படிப்பட்ட பேனாதான் வேண்டும். சாத்தூர் ஸ்டீல் நிப்புக்குப் பெயர் போன ஊர். அந்த நிப்புகளில் எழுதி வளர்ந்த நம் பக்கத்துக்காரர்களிடம் ஸ்டீல் என்றால் மட்டம், தங்கம் என்றால் உசத்தி என்ற எண்ணம் எப்படி வந்ததோ தெரியவில்லை. புள்ளி விழுவதும் சுழி திறப்பதும் முனை உலோகத்தின் அரைப்பையும் பிளவின் சரிவையும் பொறுத்தது. தங்கம் தருவது கொஞ்சம் நெகிழ்வும் மை அரிக்காத உறுதியும். 585 என்று பொறித்திருந்தால் 14 காரட், 750 என்றால் 18 காரட். ஒரு நிப்பில் இருக்கும் தங்கம் பெரும்பாலும் ஒரு கிராமைச் சுற்றித்தான். பவுன் விலையைப் பார்த்துப் பேனா விலையை எடைபோட வேண்டாம்.

இரண்டாவது பேனா பிஸ்டனாக இருக்கட்டும். அரோரா 88, ஆப்டிமா இரண்டிலும் பிஸ்டன் குமிழைத் திருகினால் உடல் முழுவதும் மை ஏறும். இவற்றில் ஒரு நுணுக்கம் உண்டு. எழுதிக்கொண்டே இருக்கும்போது மை தீர்ந்தால் குமிழை முழுதும் கீழ்நோக்கித் திருக வேண்டும். உள்ளே ஒளிந்திருக்கும் சேமிப்பு மை, நிப்புக்கு அடியிலிருந்து மை ஊட்டும் நாக்குக்கு இறங்கி, இன்னும் ஒரு பக்கம் போல எழுத வரும். பரீட்சை அறையிலும் பத்திர அலுவலகத்திலும் மானத்தைக் காக்கும் வசதி. ஆனால் அந்தச் சேமிப்பு இடமே கழுவும்போது தொல்லை. தண்ணீர் தெளிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்தினால் மறுநாள் புது மையில் பழைய நிறம் கலந்து வரும். பத்துப் பன்னிரண்டு முறை இழுத்து வெளியேற்றி, அரை மணி நேரம் தண்ணீரை உள்ளே நிறுத்தி, மறுபடி ஐந்தாறு முறை செய்தால்தான் தீரும். நீலத்திலிருந்து சிவப்புக்கு, சிவப்பிலிருந்து கருப்புக்கு என்று மாற்றிக்கொண்டே இருக்க விரும்புகிறவர் பிஸ்டன் பேனாவில் ஒரே மையை நிலையாக வைத்துக்கொள்வது நல்லது.

விஸ்கோன்ட்டியின் ஹோமோ சேப்பியன்ஸ் வேறு வகை. எட்னா எரிமலையின் பசால்ட் கல்லைப் பொடியாக்கி ரெசினில் சேர்த்துச் செய்த உடல். தொட்டால் சற்றுச் சொரசொரப்பு, வியர்த்த கையிலும் நழுவாது. மதுரைக்கு இது உண்மையான வசதி. வெண்கல வளையம் வைத்த மாதிரி சில வாரங்களிலேயே கறுக்கத் தொடங்கும். அது வெண்கலத்தின் இயல்பு, பழுதில்லை. பளபளப்பு வேண்டுமானால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். புளி, பிராஸ்ஸோ என்று எதையும் போட வேண்டாம், கல்லும் ரெசினும் கலந்த உடலின் நுண்துளைகளில் அது தங்கிவிடும்.

இதில் மை நிரப்புவது வெற்றிட முறை. குமிழைத் திருகித் தண்டை முழுதும் வெளியே இழுங்கள். நிப் கழுத்துவரை மையில் மூழ்கியிருக்க, தண்டை ஒரே சீராக உள்ளே அழுத்துங்கள். தண்டின் முனையிலுள்ள அடைப்பான் கீழே இறங்கும்போது அதற்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகிறது. அடிப்பகுதியில் உடலின் உள்விட்டம் அகலும் இடத்தை அது தாண்டியதும் வெற்றிடம் உடைந்து மை ஒரே மூச்சில் மேலே பாயும். அந்த நேரத்தில் நிப்பை வெளியே எடுத்துவிடாமல் பத்து நொடி அப்படியே பிடிக்க வேண்டும். பாதிதான் நிரம்பியது என்று குறைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பத்து நொடியை விட்டவர்கள், அல்லது புட்டியில் மை குறைந்து நிப்பின் காற்றுத் துளை வெளியே தெரிய நிரப்பியவர்கள். குமிழை இறுக மூடினால் தொட்டிக்கும் நிப்புக்கும் இடையேயான வழி அடைபடும். விமானத்தில் கசியாததற்கு அதுவே காரணம். நீண்ட நேரம் எழுத உட்காரும்போது குமிழை ஓரிரு சுற்றுத் தளர்த்தி வையுங்கள். அதைச் செய்யாமல் சில பக்கம் எழுதியதும் கோடு வெளுத்து, நிப் கெட்டுவிட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு.

இனி நம் ஊர்த் தண்ணீர். மதுரையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு. வாளியிலும் குழாயிலும் வெள்ளைப் படிவு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு நாக்கின் தலைமுடி அளவுக் கால்வாய்களிலும் உட்காரும். முதலில் மை ஓட்டம் குறையும், பிறகு எழுதி நிறுத்தி எழுதும்போது தடுமாறும், கடைசியில் அடைத்துக்கொள்ளும். பேனாவை ஆர்ஓ தண்ணீரில் கழுவுங்கள். கடைசி அலசலுக்கு பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் இன்னும் நல்லது. ஒரு லிட்டர் வாங்கினால் மாதக்கணக்கில் வரும். அதே கடையில் அதே மாதிரிக் கேனில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும். கேட்டு, சீட்டைப் படித்து வாங்குங்கள்.

மை மாற்றாவிட்டாலும் மாதம் ஒருமுறை கழுவுவது போதுமான பழக்கம். தண்ணீர் தெளியும்வரை இழுத்து வெளியேற்றி, நிப் கீழ்நோக்கி இருக்கும்படி மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி ஒரு தம்ளரில் இரவு முழுக்க நிற்க விடுங்கள். நாக்கில் தங்கிய நீரைத் துணி உறிஞ்சிக்கொள்ளும். பிடிவாதமான கறைக்கு 200 மில்லி தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. பிறகு நன்றாக அலச வேண்டும், சோப்பு மிச்சமிருந்தால் மை காகிதத்தில் படரும். வெந்நீர் வேண்டாம். கெட்டி ரப்பரான எபோனைட்டில் செய்த நாக்கு வெந்நீரில் வளையும், எபோனைட் உடல் பழுப்பேறும். சானிடைசர் பட்ட கையோடு பேனாவைத் தொடவே கூடாது. ஆல்கஹால் செல்லுலாய்டையும் பல ரெசின்களையும் கெடுக்கும்.

மையில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. எபோனைட் நாக்கு வைத்த அரோராவும் ஸ்க்ரிபோவும் மை தாராளமாக விடும். அவற்றில் ஓட்டம் குறைந்த பெலிகன் 4001 ராயல் ப்ளூ ஊற்றினால் கோடு அடங்கும், சுழி திறக்கும். ஓட்டம் குறைந்த நிப்புக்கு வாட்டர்மேன் மை சரியாக இருக்கும். மினுமினுப்புத் தூள் கலந்த மைகளை வெற்றிடப் பேனாவிலும் பிஸ்டனிலும் ஊற்றக் கூடாது; தூள் அடைப்பானின் இடுக்கில் தங்கிவிடும், அங்கே கை போகாது. படம் வரைகிற நீர்ப்புகா இங்க் எந்தப் பேனாவுக்கும் ஆகாது. அடர் சிவப்பு, இளஞ்சிவப்பு மைகளைக் கண்ணாடி போன்ற உடலுள்ள பேனாவில் ஊற்றினால் சாயம் நிரந்தரமாகத் தங்கலாம். பேனாவிலிருந்து மிஞ்சிய மையைப் புட்டிக்குள் திரும்ப விடாதீர்கள். பூஞ்சை அப்படித்தான் புட்டிக்குள் போகிறது.

சித்திரை வைகாசியில் 40 டிகிரியை ஒட்டிய வெயிலில் இரண்டு விதமாகத் தொல்லை வரும். ஒன்று, மையில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி மை கெட்டிப்படுவது. மூடியை இறுக்கி நிமிர்த்தி வைத்த பேனா மறுநாள் காலை முதல் புள்ளியையே போட்டால் மூடியின் அடைப்பு நன்றாக இருக்கிறது. போடாவிட்டால் அந்தப் பேனாவைக் கோடையில் தினமும் எழுதும் பேனாவாக வையுங்கள், அல்லது காலி செய்து வையுங்கள். பத்து நாள் தொடாத பேனாவில் கோடு முன்பைவிடக் கறுப்பாக வந்தால் தண்ணீர் குறைந்துவிட்டது என்று பொருள். அப்போது மேலும் மை ஊற்றாமல் கழுவிவிட வேண்டும்.

இன்னொன்று உள்ளே இருக்கும் காற்று. 25 டிகிரியிலிருந்து 40-க்கு ஏறினால் காற்று சுமார் 5 சதவீதம் விரிகிறது. வெயிலில் பூட்டி நிறுத்திய கார் 60 டிகிரியைத் தொட்டால் 12 சதவீதம் ஆகிறது. அரை மில்லி காற்று இருக்கும் பிஸ்டன் பேனாவில் அது ஒரு துளி மையை வெளியே தள்ளும். அந்தத் துளி மூடிக்குள் போய், அடுத்த முறை திறக்கும்போது உங்கள் விரலிலும் சட்டையிலும் இருக்கும். வெளியே கிளம்பும்போது மை நிறைந்த பேனாவையோ காலிப் பேனாவையோ எடுத்துச் செல்லுங்கள், பாதி மையோடு வேண்டாம். பைக்கில் போகும்போது பேனா நிமிர்ந்து நிற்க வேண்டும். பையில் படுத்துக் கிடந்தால் காளவாசல் பக்கம் ஒரு குலுக்கலுக்கே மூடிக்குள் மை தெறிக்கும்.

செல்லுலாய்டு வாங்குகிறவர் அதற்கென்று தனி இடம் ஒதுக்க வேண்டும். நைட்ரோசெல்லுலோஸும் சூடமும் சேர்ந்த பொருள் அது. தேய்த்து முகர்ந்தால் நம் பூஜை அறைச் சூடத்தின் வாசமே வரும். சூடம் எரிகிற மாதிரியே எரியவும் செய்யும், விளக்குப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. கம்பியாக வார்த்த பிறகு மாதக்கணக்கில் உலரவைத்துத்தான் கடைவார்கள், அவசரப்பட்டுக் கடைந்தால் பிறகு சுருங்கி மரை இறுகும். அந்த உழைப்புக்கு ஈடாக அது தரும் ஆழமான நிறத்தை வேறு எந்த ரெசினும் தருவதில்லை. ஓமாஸின் ஆர்க்கோ செல்லுலாய்டில் பழுப்பு வரிகள் பேனாவைத் திருப்பத் திருப்ப ஒளி மாறி நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இந்தப் பொருள் மூச்சு விட வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் அதிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடு வாயு வெளியேற முடியாமல் அதையே அரிக்கும். ரப்பர் பொருள்கள், எபோனைட் பேனாக்கள் பக்கத்தில் வைக்கக் கூடாது. கந்தகம் நிறத்தைக் கெடுக்கும், வெள்ளி வளையத்தையும் கறுக்கச் செய்யும். மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோ மாலையில் அடுப்பாகிறது; கிழக்கு அல்லது வடக்குச் சுவரில் மர அலமாரியின் கீழ்த்தட்டு நல்லது. பீரோவில் அந்துருண்டை போடும் பழக்கம் உள்ள வீட்டில் பேனாவை அங்கே வைக்காதீர்கள். அந்த ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும்.

பழைய செல்லுலாய்டு வாங்கும்போது வாசத்தையும் உலோகத்தையும் பாருங்கள். சூட வாசம் இயல்பு. மூக்கைக் குத்தும் அமில நெடி இருந்தாலும், வளையத்தின் ஓரத்தில் பச்சைப் பிடித்திருந்தாலும், வெளிச்சத்தில் பிடித்தால் உடலுக்குள் நுண்ணிய விரிசல் வலை தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். உள்விரிசலுக்கு வைத்தியம் கிடையாது, பக்கத்துப் பேனாவையும் அது கெடுக்கும்.

ஆயுத பூஜையன்று பேனாவுக்குப் பொட்டு வைப்பது நம் வழக்கம். சந்தனம் மரைக்குள் போய்க் காய்ந்தால் மூடி இறுகும், குங்குமம் வெளிர்நிற உடலில் கறையாகும். பேனாக்களைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் மேல் பொட்டு வைத்துக் கும்பிடுங்கள். மரை இறுகுகிறது என்று தேங்காயெண்ணெய் தொட்டு வைப்பதும் வேண்டாம். எண்ணெய் நாக்குக்கு இறங்கினால் மை ஒட்டாது, ரப்பர் அடைப்பானும் ஊதும். வாட்ச் பழுது பார்க்கிறவர்கள் நீர் புகாத வளையத்துக்குப் போடும் சிலிக்கோன் கிரீஸ் ஊசிமுனை அளவு தடவினால் போதும்.

காகிதத்தில் அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. காகித மொத்தக் கடையில் நூறு ஜிஎஸ்எம் மேப்லித்தோவில் இரண்டு மூன்று ஆலைகளின் தாள் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, உங்கள் மையில் பத்து வரி எழுதி, புள்ளியின் ஓரத்தில் மை மயிரிழைகளாகப் படர்கிறதா, பின்பக்கம் ஊறுகிறதா என்று பாருங்கள். ஊறாத தாளைச் சொல்லி சிவகாசியில் கோடு போட்டு நோட்டாகக் கட்டி வாங்கலாம். வரிகளுக்கிடையே 9 மில்லிமீட்டர் கேளுங்கள். கி, கீ மேல் எழும் சுழிக்கும் ழகர வாலுக்கும் இடம் கிடைக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறவர் சுங்க வரியையும் ஜிஎஸ்டியையும் சேர்த்து விலை போட்டுக்கொண்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். நிப்பை மாற்றித் தருவார்களா, மையில் தொட்டுப் பார்த்த பிறகும் திருப்பி எடுப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஓமாஸ் போன்று மூடிய நிறுவனத்தின் பேனாவில் பிஸ்டன் சீராக ஏறி இறங்குவதை விற்பவரிடம் காணொலியாகக் கேட்கலாம், உதிரி பாகம் கிடைப்பது அரிது. பழுதுக்கு இத்தாலி அனுப்ப நேர்ந்தால் மையை முழுதும் கழுவி, நிப்பை மேலிருந்தும் பக்கவாட்டிலும் நுனியிலிருந்தும் படமெடுத்து, எண் பொறித்த பேனாவானால் எண்ணையும் குறித்துக்கொண்டு, பார்சல் சீட்டில் பழுதுபார்த்துத் திருப்பி அனுப்புவதற்காக என்று எழுதுங்கள். முதலில் வாங்கிய ரசீதின் நகலும், அனுப்பும்போது கிடைத்த சுங்கச் சீட்டும் உங்களிடம் இருக்கட்டும். திரும்பி வரும்போது புதுப் பொருளாக வரி கேட்டால் அவற்றைத்தான் காட்ட வேண்டும்.